12 வோல்ட் பேட்டரியை 24 என்று காட்டும் சார்ஜ் கன்ட்ரோலர்: பாதுகாப்பாகக் கழற்றி மீண்டும் இணைப்பது எப்படி?

கேட்டவர் (நாகலூர்ப் பக்கம், ஏற்காடு)

அனைவருக்கும் வணக்கம். மழைக்காலத்தில் எங்கள் காபித் தோட்டத்து வீட்டில் மின்சாரம் அடிக்கடி நின்றுவிடுவதால், 165 வாட் சோலார் பேனல் இரண்டும், 12 வோல்ட் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஒன்றும், 30 ஆம்ப் எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலர் (பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற அளவில் மாற்றித் தரும் கருவி) ஒன்றும் வாங்கினோம். பேனல்கள் சீரீஸில் (ஒன்றன் பின் ஒன்றாக, வோல்டேஜ் கூடும்படி) உள்ளன. வந்த எலக்ட்ரீஷியன் பேனல் வயர்களை முதலில் கன்ட்ரோலரில் மாட்டிவிட்டு, அதன் பிறகே பேட்டரியை இணைத்தார். அப்போதிலிருந்து திரையில் சிஸ்டம் வோல்டேஜ் 24 என்றே இருக்கிறது. லோடு பக்கம் (விளக்குகளை மாட்டும் முனைகளில்) மின்சாரம் வரவில்லை. இன்று நண்பகல் முதல் பேட்டரி மூடிகளின் அருகே தண்ணீர் கொதிப்பது போன்ற சத்தம் கேட்கிறது. பேட்டரிப் பக்கம் ஃபியூஸ் இல்லை. பேனல் பக்கம், வீட்டு மெயின் போர்டில் இருப்பது போன்ற எம்.சி.பி. (மிகுதியான மின்சாரம் பாய்ந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று உள்ளது. எதை முதலில் கழற்ற வேண்டும்? கன்ட்ரோலர் பழுதாகிவிட்டதா?

மறுமொழி (சேலம், சோலார் பணியில் இருப்பவர்)

வணக்கம் ஐயா. அந்தச் சத்தம்தான் இப்போது அவசரம். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். பேட்டரி 24 வோல்ட் என்று கன்ட்ரோலர் நம்பிக்கொண்டிருப்பதால், 14.4 வோல்ட்டில் நிற்க வேண்டிய சார்ஜிங் நிற்காமல் தொடர்கிறது. மிகுதியான மின்சாரம் பேட்டரித் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றுகிறது. சிறு பொறி பட்டாலும் அது வெடிக்கும். எனவே சன்னல்களைத் திறந்துவிடுங்கள். அந்த அறையில் தீக்குச்சி கிழிக்கவோ, சுவிட்ச் போடவோ வேண்டாம்.

பேனல்களைக் கனமான தார்ப்பாயால் முழுவதும் மூடுங்கள். தோட்டத்தில் கைக்குக் கிடைக்கும் காபிச் சாக்கு போதாது. அதன் இழைகளுக்கு நடுவே வெளிச்சம் புகும். சார்ஜிங் ஆம்ப் பூஜ்ஜியம் ஆனதைத் திரையில் உறுதிசெய்துகொண்டு, முதலில் பேனல் வயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி வையுங்கள். அதன் பிறகு வாயு கலையும் வரை சில மணி நேரம் காத்திருந்து பேட்டரி வயரைக் கழற்றுங்கள். அதையும் பேட்டரியின் தலையில் அல்ல, கன்ட்ரோலர் முனையில் கழற்ற வேண்டும்; பொறி எழுந்தாலும் வாயு இருக்கும் இடத்திலிருந்து அது விலகியிருக்கும். கழற்றிய பாசிட்டிவ் முனையையும் உடனே டேப்பால் மூடிவிடுங்கள்.

கன்ட்ரோலர் பழுதாகியிருக்க வேண்டும் என்பதில்லை. இவ்வகைக் கன்ட்ரோலர்களில் பல, முதலில் இணைக்கப்படும் பேட்டரியின் வோல்டேஜைப் பார்த்துத்தான் 12-ஆ 24-ஆ என்று முடிவுசெய்யும். பேட்டரி இல்லாமல் பேனலின் 40 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் வந்து சேர்ந்ததால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கலாம். திரை முழுவதும் அணைந்த பிறகு பேட்டரியை மட்டும் இணைத்துப் பாருங்கள். 12 என்று வந்தால், அமைப்பிலும் 12 வோல்ட், தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்று நிலையாகப் பதிந்துவிட்டு, கடைசியாகப் பேனலை இணையுங்கள். ஒவ்வொரு முறையும் முனையை மாட்டும் முன் பாசிட்டிவ், நெகட்டிவை மல்டிமீட்டரால் பார்ப்பது அவசியம். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம்.

ஃபியூஸ் இல்லாமல் மீண்டும் இயக்கவே கூடாது. இந்த அளவு பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்புக்கு மேல் பாயும். வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். கன்ட்ரோலர் 30 ஆம்ப் என்பதால், அதன் 1.25 மடங்கான 37.5-க்கு அடுத்ததாகக் கிடைக்கும் 40 ஆம்ப் டி.சி. ஃபியூஸைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஓர் அடிக்குள் பொருத்தி, 10 சதுர மி.மீ. செம்பு வயர் போடுங்கள்.

அந்த எம்.சி.பி.யையும் மாற்றியாக வேண்டும். வீட்டு ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டு வருவதால், சுவிட்ச் பிரியும்போது எழும் தீச்சுடர் தானே அணைந்துவிடும். பேனலின் டி.சி.யில் அந்த இடைவெளியே கிடையாது. சுடர் நீடித்து எம்.சி.பி.யே உருகலாம். டி.சி.க்கென்று செய்யப்பட்ட, இரு வயரையும் ஒன்றாகத் துண்டிக்கும் வகையை வாங்கி, அதில் முனைக்குறி இருந்தால் அதன்படியே பொருத்தச் சொல்லுங்கள்.

மறுமொழி (வெள்ளக்கடை, ஏற்காடு)

மேலே உள்ளவர் சொன்னதோடு, நம் மலைக்கென்று சிலவற்றைச் சேர்க்கிறேன். மூடுபனி இறங்கியிருக்கும்போது பேனலில் மின்சாரம் இருக்காது என்று இங்கே பலரும் நினைத்துக் கைவைக்கிறார்கள். பனியில் குறைவது ஆம்ப்தான். வோல்டேஜ் ஏறக்குறைய முழுதாகவே நிற்கும், பனி விலகிய நொடியில் ஆம்பும் ஏறிவிடும். ஆகவே பனி நாளிலும் தார்ப்பாய் வேண்டும்.

குளிரில் வோல்டேஜ் இன்னும் கூடும். 25 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம் என்று கொண்டால், ஒரு பேனலுக்கு 22 வீதம் சீரீஸில் 44 வோல்ட் தருபவை, 10 டிகிரி விடியலில் ஏறக்குறைய 46-ஐத் தொடும். உங்கள் கன்ட்ரோலரின் பேனல் வரம்பு 50 வோல்ட் என்றால் அது மிக நெருக்கம். 100 என்றால் கவலையில்லை.

வெப்ப சென்சார் வயர் உடன் வந்திருந்தால் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். 15 டிகிரியில் இந்தப் பேட்டரிக்குச் சுமார் கால் வோல்ட் கூடுதலாகத் தேவைப்படும். அது கிடைக்காவிட்டால் குளிர்காலம் முழுவதும் அரைகுறை சார்ஜில்தான் நிற்கும். இடி மிகுந்த இடம் என்பதால் பேனல் சட்டத்துக்கு எர்த்தும், பேனல் வயருக்கு டி.சி. சர்ஜ் (மின்னலால் திடீரென எழும் மிகை வோல்டேஜ்) பாதுகாப்புக் கருவியும் போட்டுவிடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்ன வரிசையில் கழற்றியதும் சத்தம் நின்றது. இரண்டு செல்களில் தண்ணீர் குறைந்திருந்தது. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் குறி வரை ஊற்றினோம். ஃபியூஸும் டி.சி. எம்.சி.பி.யும் சேலத்திலிருந்து வரவழைத்துப் பொருத்திய பிறகு பேட்டரியை முதலில் இணைத்தோம். திரை 12 என்று காட்டியது. பேனலை இணைத்தபின் 14.4 வரை ஏறி, பிற்பகலில் 13.6-க்கு இறங்கி நின்றது. பேனல் வரம்பு 100 வோல்ட் என்று கன்ட்ரோலரின் அடியில் அச்சிட்டிருக்கிறது. இனி இன்வெர்ட்டரைக் கன்ட்ரோலரின் லோடு முனைகளில் இணைக்கலாமா?

மறுமொழி (சேலம், சோலார் பணியில் இருப்பவர்)

வேண்டாம் ஐயா. இன்வெர்ட்டர் இயங்கத் தொடங்கும் நொடியில் இழுக்கும் ஆம்பை லோடு முனை தாங்காது. அந்த முனை சிறிய டி.சி. விளக்குகளுக்கு மட்டுமே. இன்வெர்ட்டரைத் தனி ஃபியூஸோடு நேரடியாகப் பேட்டரியில் இணையுங்கள். அந்த ஃபியூஸின் அளவை இன்வெர்ட்டரின் கையேட்டில் உள்ளபடியே எடுக்க வேண்டும்; கன்ட்ரோலருக்குப் போட்ட 40 ஆம்ப் ஃபியூஸை இரண்டுக்கும் பொதுவாக வைக்கக் கூடாது.