செமினரி (போதகர் பயிற்சிக் கல்லூரி) மாணவர் ஒரு வருடப் பயிற்சிக்கு எங்கள் சபைக்கு வருகிறார்: என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

திருப்பூர் சபைச் செயலர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க. ஜூன் முதல் ஒரு வருடத்துக்கு எங்கள் லுத்தரன் சபைக்குப் பயிற்சி மாணவர் ஒருவர் வருகிறார். 90 குடும்பம், பாதிக்கு மேல் பனியன் கம்பெனி வேலை. ஐயருக்கு (எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) இன்னும் இரண்டு கிளைச் சபை இருப்பதால், "ஐயர் வராத வாரம் திருவிருந்தையும் (அப்பமும் திராட்சை ரசமும்) தம்பியே கொடுக்கட்டும்" என்கிறார்கள் கமிட்டியில். சரிங்களா? எங்கே தங்க வைப்பது?

பொள்ளாச்சி போதகர்:
திருவிருந்து கூடாதுங்க. முறையாக அழைக்கப்படாதவர் சபையில் பகிரங்கமாகப் போதிக்கவோ சாக்கிரமெந்து (ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற திருச்சடங்கு) கொடுக்கவோ கூடாது என்கிறது லுத்தரன் சபைகளின் அடிப்படை விசுவாச அறிக்கையான 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்புர்க் அறிக்கை, 14ஆம் பிரிவு. பிரசங்கத்தை ஐயர் முன்னதாகப் படித்துப் பார்த்து, தன் பொறுப்பில் செய்ய வைக்கலாம். பாவ மன்னிப்பு கூறுதலும் ஆசீர்வாதமும் வரும் இடத்தில் "உங்களுக்கு" என்று சொல்லாமல் "நமக்கு" என்று ஜெபமாகச் சொல்லட்டும். திருவிருந்து ஞாயிறுகளை ஐயர் வரும் தேதிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பக்கத்துச் சபைப் போதகரைக் கூப்பிடுங்கள்.

கல்யாணத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1872ஆம் வருடக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அதிகாரம் உள்ள போதகர்தான் வாக்குறுதி வாங்கிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மாணவர் வேதபாடம் வாசிக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் குழந்தை உயிருக்குப் போராடினால் ஞானஸ்நானம் கொடுக்க அவருக்கு மட்டுமல்ல, எந்த விசுவாசிக்கும் அனுமதி உண்டு. தண்ணீர், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமம், அவ்வளவுதான். பிறகு ஐயரிடம் சொல்லிப் பதிந்துவிட வேண்டும். முதல் வாரத்திலேயே அவருக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஈரோடு கமிட்டி உறுப்பினர்:
அண்ணா, சபையார் வீட்டு மாடியில் தங்க வைக்காதீங்க. ஆறே மாதத்தில் "அந்த வீட்டு ஆள்" என்று பேர் வந்துவிடும், மற்றவர்கள் மனசு திறந்து பேச மாட்டார்கள். தனி அறை, தனிச் சாவி. அட்வான்ஸ் சபைக் கணக்கிலிருந்து போகட்டும். உதவித்தொகையை மாதம் 5ஆம் தேதிக்குள் வங்கியில் போட்டுவிடுங்க, காணிக்கை எண்ணும் மேசையில் கையில் கொடுக்க வேண்டாம். பஸ் செலவு தனி. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்தால் வாரம் இரண்டு நாள் போதும். பின்னாளில் மாணவி யாராவது வந்தால், வீடு சந்திக்கப் போகும்போது பெண்கள் சங்கத்தில் ஒரு அக்கா கூடப் போகணும்.

உங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஆட்கள் வீடு திரும்பவே எட்டரை ஆகும். பகலில் சந்திப்பு வைத்தால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். ராத்திரி எட்டரைக்கு மேல் இரண்டு வீடு, ஞாயிறு மதியம் மூன்று வீடு என்று வையுங்க. திங்கள் முழு ஓய்வு.

பொள்ளாச்சி போதகர்:
ஒன்றை விட்டுவிட்டேன், எல்லாவற்றிலும் முக்கியம் அதுதான். ஐயரும் மாணவரும் வாரம் ஒரு மணி நேரம், போன் இல்லாமல், தனியாக உட்கார வேண்டும். இது நின்றுபோன சபையில் மாணவர் நாற்காலி தூக்கவும் ஞாயிறு பள்ளி நடத்தவும் மட்டுமே பயன்படுவார், ஊழியம் கற்க மாட்டார். பிரசங்கக் குறிப்பு புதன்கிழமைக்குள் ஐயர் கைக்கு வரட்டும், சனி ராத்திரி வந்தால் திருத்த நேரமில்லை. ஆராதனை முடிந்து வாசலில் ஆளுக்கொரு குறை சொல்வதைத் தடுக்க, கமிட்டிக்கு வெளியே ஐந்து பேரை நியமியுங்கள். பாட்டியம்மா ஒருவரும் வாலிபர் ஒருவரும் அதில் இருக்கட்டும். கையில் ஒரு சீட்டு, மூன்று கேள்வி: எந்த ஒரு வாக்கியம் மனதில் நின்றது? எந்த இடத்தில் புரியவில்லை? கடைசி பெஞ்சுக்குக் கேட்டதா? சீட்டுகள் செவ்வாய்க்கிழமை ஐயரிடம் போய்ச் சேரட்டும், நேராக மாணவரிடம் வேண்டாம்.

திருப்பூர் சபைச் செயலர்:
ரொம்ப நன்றிங்க ஐயா, நன்றிங்ணா. இந்த வாரக் கமிட்டியில் திருவிருந்துத் தேதிகளை முதலில் மாற்றுகிறோம். அறையைச் சர்ச்சுக்கு நடந்து வரும் தூரத்தில் பார்க்கிறோம்.