வயசான அம்மாவுக்குக் கர்ப்பவாய்ப் புற்றுநோய், ஆரம்ப நிலை: உங்க வீட்டுல என்ன முடிவெடுத்தீங்க?

பாசிக்காரி மகள், பாம்பன்:
அம்மாவுக்கு 67, கடல்பாசி எடுக்கிற தொழில். தூரம் நின்னு எத்தனையோ வருஷம், திரும்பச் சொட்டுச் சொட்டா பட்டுச்சு. சூடுன்னு வெந்தயத்தை முழுங்கிட்டு நாலு மாசம் மூச்சே விடல. மதுரையில சதை எடுத்துப் பார்த்து, ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி, கர்ப்பவாயைத் தாண்டலைன்னாங்க. ஆபரேஷனும் பண்ணலாம், கரண்டும் (கதிர்வீச்சு) வைக்கலாம், பலன் ஏறக்குறைய ஒண்ணுதான்னு டாக்டர் எங்கண்ணனைப் பார்த்தே பேசினார். "இந்த வயசுல கத்தி வேணாம் சார்"னு அவன் முடிச்சுட்டான். அம்மா தன் விரலையே பார்த்துட்டிருந்துச்சு, பூரா பாறை கிழிச்ச தழும்பு. திடீர்னு, "எதைச் செஞ்சா நான் வெரசா கடல்ல இறங்கலாம்?"னுச்சு. டாக்டர் பேனாவை மூடிட்டு அப்பத்தான் அம்மா பக்கம் திரும்பினார். ஆபரேஷன்தான் பண்ணினோம். நானும் அதுவரை அம்மாவைக் கேக்கல, அதான் உறுத்துது.

கீழக்கரை மருமகள்:
கரண்டுன்னா லேசுன்னு உங்கண்ணன் நினைச்சுட்டார். எங்க மாமிக்கு 74, இருதயம் பலவீனம், மயக்க மருந்து தாங்காது, அதனால கரண்டு. திங்கள் முதல் வெள்ளி, 5 வாரம், 25 தடவை. உள்ளே கருவி வச்சுக் கொடுக்கிறது தனி. மூத்திரப்பை நிறைஞ்சிருக்கணும்னு தண்ணி குடிக்க வச்சு உக்கார வச்சாங்க. அன்னைக்குப் பார்த்து மெஷின் நின்னு போச்சு. "முடியல புள்ள"ன்னு மாமி என் கையைப் பிடிச்சாங்க. பெஞ்சு நனைஞ்சுச்சு. முந்தானையால துடைக்கப் போனாங்க. கட்டி கரைஞ்சு வருஷமாச்சு, பெஞ்சை இன்னும் சொல்றாங்க.

ரிட்டயர்டு நர்ஸ், தொண்டி:
உங்க வீட்டுக் கதையைச் சட்டமாக்காதீங்க ரெண்டு பேரும். வயசைப் பார்க்காதீங்க, மாடி ஏறினா மூச்சு வாங்குதா, சுகர், கிட்னிக்குப் பார்க்கிற கிரியேட்டினின் எப்படின்னு பாருங்க. ஆபரேஷன்னா வயித்தைத் திறந்தா, துளை போட்டான்னு கேளுங்க. சுத்துத் திசுவோட கர்ப்பப்பையை எடுக்கிறதைத் துளை வழியா செஞ்சவங்களுக்கு நோய் திரும்பினது அதிகம்னு 2018ல பெரிய ஆய்வே வந்துச்சு. 2 சென்டிமீட்டருக்குள்ள, ஆழமாப் போகாத கட்டின்னா சுத்துத் திசுவை விட்டுட்டுக் கர்ப்பப்பையையும் நெறிகட்டியையும் எடுத்தாலே போதும், மூத்திரத் தொந்தரவும் குறைவுன்னு 2024ல இன்னொண்ணு. எடுத்த நெறிகட்டியில நோய் தெரிஞ்சா கரண்டும் சேரும், ரெண்டு அவஸ்தையும் ஒண்ணா. முதல்வர் காப்பீட்டு அட்டையை முதல் நாளே கொண்டு போங்க. என் அனுபவமா? எங்கக்கா. உதிரம் பட்டதை எங்கிட்ட சொல்லவே இல்ல. நர்ஸ் நான்.

பாசிக்காரி மகள், பாம்பன்:
நர்ஸக்கா, யாரும் சட்டம் போடல. அம்மாவுக்கு வயித்தைத் திறந்துதான் பண்ணினாங்க. கீழக்கரை அக்கா, மாமிகிட்ட ஒண்ணு சொல்லுங்க. ஆபரேஷனுக்கு வச்ச மூத்திர டியூப்பை எடுத்த பிறகு எங்கம்மாவுக்கும் மூத்திரம் வர்றதே தெரியாது. டாக்டர் சரின்ன பிறகு மூணாம் மாசம் இடுப்பளவு தண்ணியில இறங்குச்சு. "இங்கன நின்னா யாருக்குடி தெரியும்"னு ஒரே சிரிப்பு.