மணலில் ஓடும் ஏடிவி என்ற நான்கு சக்கர வண்டியின் ஏர் ஃபில்டருக்கு எண்ணெய் வேண்டுமா, வேண்டாமா?

உச்சிப்புளிப் பட்டறை:
அரியமான் ரைடர் தம்பி நேற்று இங்கே எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: “நம் கடற்கரையில் ஓடும் ஏடிவியின் ஏர் ஃபில்டருக்கு எண்ணெய் போடுவது வண்டிக்கு நாமே வைக்கும் கொள்ளி. எண்ணெயில் மணல் அப்பி இன்ஜினுக்கு மூச்சு முட்டும். காய்ந்த ஃபில்டரே போதும்.” இதை நம்பி இரண்டு பேர் தங்கள் வண்டியின் ஃபில்டரிலுள்ள ஃபோமைச் சோப்பு நீரில் அலசிக் காயவைத்து, எண்ணெய் இல்லாமலே மாட்டிவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் இந்தத் தனி இழையைத் தொடங்குகிறேன். எண்ணெய் இல்லாத ஃபோம் வெறும் பஞ்சு. அதன் துளைகளின் சுவரில் பிசுபிசுப்பு இருந்தால்தான், வளைந்து நெளிந்து உள்ளே போகும் காற்றிலிருந்து பொடித்தூசி அங்கேயே ஒட்டி நிற்கும். இல்லையென்றால் அது கார்புரேட்டரைத் தாண்டி சிலிண்டருக்குள் போய், சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தோடு கலந்து, வால்வு உராய்க்கப் பயன்படும் கிரைண்டிங் பேஸ்டைப் போலப் பிஸ்டன் ரிங்கை அரைத்துத் தள்ளும். பிறகு கம்ப்ரஷன் இறங்கும், நீலப்புகை வரும், போர் அடிக்க, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்க வேண்டிய செலவு வரும். அந்தச் செலவை இந்த அறிவுரையைச் சொன்னவர் கொடுக்கப் போவதில்லை.

அரியமான் ரைடர்:
அண்ணன் பட்டறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறார். நான் மணலில் நின்று எழுதுகிறேன். ஆடி மாதத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது தனுஷ்கோடிச் சாலையின் மேலேயே மணல் ஏறிக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்றில் எண்ணெய் போட்ட ஃபில்டரை மாட்டி ஓட்டினால் மாலைக்குள் அது மண் அடையாகிவிடுகிறது. காற்றுப் போதாமல் கரும்புகை வருகிறது, ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி திணறுகிறது, பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கிறது. காய்ந்த ஃபில்டரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தட்டிவிட்டு மாட்டினால் வண்டி பழையபடி பாய்கிறது. பாய்கிற வண்டியைக் காட்டுகிறேன், அதைவிட வேறு சான்று எதற்கு?

உச்சிப்புளிப் பட்டறை:
தம்பி, ஃபில்டர் மண் அடையாகிறது என்றால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். அந்த மண் முழுவதும் ஃபில்டரில் நின்றதால்தான் உங்கள் கண்ணில் பட்டது. காய்ந்த ஃபோமைத் தட்டினால் கொஞ்சம் மணல்தான் கொட்டுகிறது என்று மகிழ்கிறீர்களே, மீதி மணல் எங்கே போயிற்று என்று ஒருமுறையாவது தேடினீர்களா? ஃபில்டர் பெட்டியிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றி, அதன் உட்சுவரை வெள்ளைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்து, விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்று இருந்தால், அது இன்ஜின் குடித்துவிட்டு மிச்சம் வைத்தது. குழாயைத் துடைத்துவிட்டு வந்து பேசுங்கள்.

கீழக்கரையான்:
நான் வளைகுடாவில் பல ஆண்டுகள் இருந்தவன், பாலைவனத்தில் வாடகைக்கு விடும் வண்டிகளைப் பராமரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவன். அங்கே இருக்கும் மணலோடு ஒப்பிட்டால் அரியமானில் இருப்பது ஒரு கைப்பிடி. அங்கே நாங்கள் ஃபில்டரை வெளியே எடுத்து, குறைந்த அழுத்தக் காற்றை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக அடித்து, விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, கிழிசல் இல்லையென்றால் திரும்ப மாட்டுவோம். ஒரு சொட்டு எண்ணெய் போட்டால் மேற்பார்வையாளர் வேலையை விட்டே அனுப்பிவிடுவார். பாலைவனத்தில் தேவைப்படாத எண்ணெய் இராமநாதபுரத்தில் மட்டும் எப்படித் தேவைப்படும் என்பதை உச்சிப்புளியார் விளக்கட்டும். ரைடர் தம்பி சொல்வதே சரி.

சாயல்குடிப் பனங்காடு:
எல்லோரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே பேசுபவர்களின் வண்டியில் இருப்பது எந்த வகை ஃபில்டர்? ஃபோம் ஃபில்டருக்கு எண்ணெய் தேவை, மடிப்பு மடிப்பாக இருக்கும் காகித ஃபில்டரில் எண்ணெய் பட்டால் அது கெட்டுப்போகும், துணிவலை ஃபில்டருக்கு அதற்கென்றே விற்கும் எண்ணெயை மட்டும்தான் போட வேண்டும். கீழக்கரைக் காக்கா (அண்ணன்) காற்றடித்து விளக்கொளியில் பார்த்ததாகச் சொல்வது காகித ஃபில்டரைப் போலத் தெரிகிறது. ஒவ்வொருவரும் தங்கள் வண்டியின் மேனுவலில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் சொன்னால் நன்றாக இருக்கும்.

உச்சிப்புளிப் பட்டறை:
காக்கா, உங்கள் வளைகுடா அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அங்கே மேற்பார்வையாளர் சொன்னதைச் செய்தீர்கள், இங்கே நான் திறந்து பார்த்த இன்ஜின்களைப் பற்றிச் சொல்கிறேன். பழைய ஹோண்டா வண்டிகளின் மேனுவல்களிலேயே ஃபோமை 80/90 கியர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்துப் பொறியாளர்களுக்கு ஒன்றும் தெரியாது, அரியமானில் நிற்பவருக்குத்தான் எல்லாம் தெரியும் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். ஃபோமைப் பெட்ரோலில் கழுவக் கூடாது, ஒட்டிய இடங்கள் விட்டுப்போகும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. வெதுவெதுப்பான சோப்பு நீரில் அமுக்கி அமுக்கிக் கழுவ வேண்டும். துணியைப் போல முறுக்கினால் கிழிந்துவிடும். நிழலில் முழுவதும் காய்ந்த பிறகு எண்ணெயை ஊற்றி, நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும்வரை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து, மிகுதியைப் பிழிந்துவிட வேண்டும். சொட்டச் சொட்ட மாட்டினாலும் மூச்சு முட்டத்தான் செய்யும். ஒருவேளை ரைடர் தம்பி பிழியாமல் மாட்டிவிட்டுத்தான் எண்ணெயின் மேல் பழி போடுகிறாரோ என்னவோ. ஃபில்டரின் விளிம்பு பெட்டியில் உட்காரும் இடத்தில் மெல்லியதாக கிரீஸ் தடவ வேண்டும், ஏனென்றால் அந்த இடுக்கு வழியாகவும் மணல் நுழையும்.

தொண்டிக் கடலோடி:
எண்ணெய், எண்ணெய் என்று இத்தனை பதிவுகள் போய்விட்டன. நம் கடற்கரையில் வண்டியைக் கொல்வது உப்பு என்பதை ஒருவரும் சொல்லவில்லை. 2025ஆம் ஆண்டு திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் உப்புக்காற்றைத் தாங்கும் தனிப் பூச்சையும் பயன்படுத்தினார்கள் என்றால், ஏடிவியின் சேஸிஸும் வயர் கனெக்டரும் எந்த மூலைக்கு? அலையோரம் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு, கனெக்டர்களுக்கு மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அரியமான் ரைடர்:
கடலோடி அண்ணன் “நல்ல தண்ணீர்” என்று எளிதாகச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் குளித்தாலே உடம்பெல்லாம் உப்புப் பூக்கிறது. குடிக்கக் காவிரிக் குழாயை எதிர்பார்த்து நிற்கும் ஊரில், அந்தத் தண்ணீரை வண்டிமேல் ஊற்றச் சொல்கிறாரா?

தொண்டிக் கடலோடி:
போர் தண்ணீர் எவ்வளவு கரித்தாலும் கடல் தண்ணீர் அளவுக்குக் கரிக்காது. முதலில் அதில் அலசிவிட்டு, கடைசியில் ஒரு குடம் நல்ல தண்ணீரை ஊற்றித் துணியால் துடைப்பதற்குக் காவிரி வற்றிவிடாது. சென்ற கோடையில் இதையே சொன்னபோதும் என்னைக் கேலி செய்தீர்கள், பிறகு செயின் இறுகிப் போய் யாரிடம் கேட்டீர்கள் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

உச்சிப்புளிப் பட்டறை:
கழுவுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கடற்கரையில் வண்டி விடும் சிலர், வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் அடிக்கும் வேகத்தில் சக்கர பேரிங்கிலும் சக்கர அச்சின் மூட்டை மூடும் ரப்பர் உறையான சிவி ஜாயின்ட் பூட்டிலும் ஃபில்டர் பெட்டியின் வாயிலும் தண்ணீர் அடிக்கிறார்கள். பேரிங்கின் சீலைத் தாண்டி உப்பும் மணலும் தண்ணீரோடு உள்ளே போகும். பெல்ட்டால் ஓடும் கியர் அமைப்பான சிவிடியின் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும், இன்ஜின் அலறும், வண்டி நகராது. உடனே கிளட்ச் போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். கடலோடி அண்ணன் கையால் ஊற்றிக் கழுவச் சொன்னது சரி. ஆனால் உப்பு வண்டியை வெளியிலிருந்து தின்கிறது, மணல் இன்ஜினை உள்ளிருந்து தின்கிறது. இந்த இழை மணலைப் பற்றியது. ரைடர் தம்பி ரப்பர்க் குழாயைத் துடைத்துப் பார்த்தாரா, இல்லையா?

கீழக்கரையான்:
கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. பாலைவனத்தில் எண்ணெய் இல்லாமல் ஓடியதா, இல்லையா?

உச்சிப்புளிப் பட்டறை:
ஓடியிருக்கும் காக்கா. ரிங் தேய்ந்த வண்டியும் ஓடத்தான் செய்யும். எத்தனை இன்ஜின்களுக்குப் போர் அடித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அரியமான் ரைடர்:
அண்ணனுடைய கோபத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். என் வண்டிகளை அவர் பட்டறைக்கு அனுப்புவதை நிறுத்திய நாளிலிருந்து நான் எழுதுவதெல்லாம் அவருக்குத் தவறாகத்தான் படுகிறது. போன மாதம் டயர் காற்றைப் பற்றி எழுதியபோதும் இப்படித்தான் பாய்ந்தார்.

உச்சிப்புளிப் பட்டறை:
டயரில் இருபது பிஎஸ்ஐ வைக்கச் சொன்னால் பாயாமல் என்ன செய்வது? பெரும்பாலான ஏடிவி டயர்களுக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ வரைதான் காற்று. பைக்குக்குப் பார்க்கும் கேஜில் அந்த அளவு சரியாகத் தெரியாது, அதற்கென்று குறைந்த அழுத்த கேஜ் வேண்டும். இருபது வைத்தால் டயர் கல்லாகி மணலில் புதையும், புதைந்த வண்டியை முறுக்கி முறுக்கி எடுக்கும்போது பெல்ட் கருகும். உங்கள் வண்டிகள் என் பட்டறைக்கு வருவதும் வராததும் உங்கள் விருப்பம், அதற்கும் ஃபில்டருக்கும் தொடர்பு இல்லை. கரும்புகை வந்தால் ஃபில்டரைக் கழுவினால் சரியாகிவிடும். நீலப்புகை வந்தால் கழுவித் தீராது. காற்று கடுமையாக இருக்கும் நாளில் எண்ணெய் போட்ட ஃபில்டர் ஒன்றைக் கூடுதலாகப் பாலித்தீன் பையில் கட்டி வைத்துக்கொண்டு, மதியத்தில் மாற்றி மாட்டுங்கள். மூச்சு முட்டும் என்ற உங்கள் குறைக்கு வழி அதுதான், எண்ணெயை விடுவது வழியில்லை.

சாயல்குடிப் பனங்காடு:
எந்த வகை ஃபில்டர் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே.

அரியமான் ரைடர்:
வகை எதுவாக இருந்தால் என்ன, மணல் ஒன்றுதானே? என் வண்டிகள் நாளைக் காலையிலும் காய்ந்த ஃபில்டரோடுதான் அரியமானில் இறங்கும். விருப்பமுள்ளவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

உச்சிப்புளிப் பட்டறை:
வருகிறேன் தம்பி. ஓட்டத்தைப் பார்க்க வரவில்லை. ஸ்பேனரும் வெள்ளைத் துணியும் கொண்டுவருகிறேன், உங்களுக்குப் பிடித்த வண்டி எதுவோ அதன் ரப்பர்க் குழாயை எல்லோர் முன்னிலையிலும் நீங்களே கழற்றுங்கள்.

அரியமான் ரைடர்:
ஓடுகிற வண்டியை எதற்காகக் கழற்ற வேண்டும்?