கார்பெட் பிளான்ட்: கம்பளச்செடியா, பாய்ச்செடியா?

ஐயா வணக்கம்,

மீன்தொட்டிச் செடி வளர்ப்புச் சொல்லுக்கெல்லாம் தமிழ் தேடற உங்க பட்டியல்ல, தொட்டியோட தரையை மூடி வளர்ற 'கார்பெட் பிளான்ட்'டுக்கு நீங்க போட்ட 'கம்பளச்செடி'யே போதும்னுதான் நானும் மொதல்ல நெனச்சேன், ஆனா மூணு வருஷமா தொட்டியோட மல்லுக்கட்டிட்டு இருக்கறவன், அதனால ஒரு சின்ன மறுப்பு. கம்பளம் எங்கயோ நெய்து கொண்டாந்து தரைமேல போடறது. இது அப்படி இல்லயே, ட்வீசரால சின்னச் சின்னக் கொத்தா பிரிச்சு ஒரு அங்குலத்துக்கு ஒண்ணா நட்டு வெச்சா, ஒவ்வொண்ணும் மண்ணை ஒட்டி ஓடுதண்டு விட்டு, கணுவுக்குக் கணு வேர் புடிச்சு, ரெண்டு மூணு மாசத்துல ஒண்ணோட ஒண்ணு பின்னிக்குது. (ஓடுதண்டு நாம புதுசா உருவாக்க வேண்டியதில்ல, வல்லாரைக்கு ஸ்கூல்லயே சொல்லிக்குடுத்த சொல்லுதான்.)

இன்னொரு நண்பர் 'படர்செடி'ன்னார். படர்றதுன்னா நமக்கு அவரைப்பந்தல்தான் கண்ணுக்கு வரும். அதுவுமில்லாம லைட் பத்தலன்னா மான்டி கார்லோங்கற கார்பெட் செடி கீழ படுக்கவே படுக்காது, வெளிச்சத்தத் தேடி ஒல்லியா மேல நீட்டிக்கிட்டுப் போகும், அப்புறம் அது கார்பெட்டே இல்ல.

என் ஓட்டு 'பாய்ச்செடி'க்கு. இந்தச் சொல்லு எனக்கு எப்படிக் கிடைச்சதுன்னா, போன சித்திரையில கியூபாங்கற இன்னொரு கார்பெட் செடிய ட்ரிம் பண்ணாம சோம்பேறித்தனமா விட்டுட்டேன், மேல பச்சைப்பசேல்னு ரெண்டு அங்குலம் மெத்தையாட்டம் இருந்துச்சு, அடியில வெளிச்சம் போகாம மஞ்சளாகி அழுகிட்டு இருந்தது தெரியல, ஒருநாள் காலையில பார்த்தா பாதி கார்பெட் மண்ண விட்டுக் கழண்டு மேல மிதக்குது. வீட்டுக்காரி எட்டிப்பார்த்துட்டு, "என்ன, உங்க செடி பாயச் சுருட்டிடுச்சு"ன்னா. அவ்ளோதான். ஹேர்கிராஸ்ங்கற கார்பெட் செடி வேற கோரைக் குடும்பம், பாய் பின்றதே கோரையிலதானே! 'ச்' மட்டும் விட்றாதீங்க, விட்டா 'பாய்செடி', பாய்கிற செடின்னு வினைத்தொகை ஆயிடும்.

மார்சிலியாங்கற கார்பெட் செடிக்குப் புதுப்பேரே வேணாம், நம்ம வயல் வரப்பு ஆரைக்கீரையோட சொந்தம்தான் அது, தண்ணிக்குள்ள வளர்றப்ப பல சமயம் நாலு இலை ஒத்தையிலை ஆயிடுது, அதான் ஆளு அடையாளம் தெரியறதில்ல.

அப்புறம் 'பேர்லிங்'. கரியமிலவாயுவும் லைட்டும் சரியா அமைஞ்சா மத்தியானத்துக்கு மேல இலை நுனியில ஆக்ஸிஜன் குமிழ் ஒண்ணொண்ணா வந்து ஒட்டிக்கிட்டு நிக்குமே, அதுக்கு 'முத்தரும்புதல்'னு வெச்சா? நெத்தியில வேர்வை முத்துமுத்தா அரும்புதுன்னு சொல்றோம்ல.

---

தம்பி,

முத்தரும்புதல், மறுபேச்சில்லாம எடுத்துக்கிட்டேன். பாய்ச்செடியும் நல்லாதான் இருக்கு, ஆனா குளத்தூர் மீன்கடையில போய் "பாய்ச்செடி இருக்கா"ன்னு கேட்டுப்பாருங்க, "எந்த பாய் கடைல சார்?"ம்பான். எழுத்துல ச் நிக்குது, பேச்சுல நிக்கணுமே. இப்போதைக்கு பட்டியல்ல ரெண்டையும் போட்டு வெக்கறேன், உங்க வீட்டுக்காரம்மாவுக்கு நன்றி சொல்லிடுங்க.