முடிந்துபோன சீரியல் திரும்பி வந்தபோது உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஒன்பதரை மணி

எதிர்நீச்சல் 2024 ஜூனில் முடிந்தபோது அம்மாவுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்துக் கட்டிய சண்டையைக் கடைசி வாரத்தில் அவசரமாக மூட்டை கட்டிவிட்டார்களாம். "அந்த வீட்டு மருமகள்கள் நாலு பேரையும் குணசேகரன் படுத்தின பாட்டுக்கு இவ்வளவுதானா?" என்று போனில் சித்தியிடம் ஒரே புலம்பல்.

அப்பாவின் ஆர்வம் வேறு மாதிரி. அவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பத்தா பட்டம்மாளின் நாற்பது சதவீதப் பங்கு கதைக்குள் வந்ததும் நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டுவிட்டார். விளம்பரம் வந்தால் போதும், பாடம் ஆரம்பித்துவிடும். உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், செட்டில்மென்ட் பதிந்துவிட்டால் அப்படி இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது, இது தெரியாமல் வக்கீல் வேஷம் போட்டு ஒருத்தன் பேசுகிறான் பார் என்பார். மறுபடி ஈஸ்வரி முகம் திரையில் வந்ததும் அம்மா அவரை அடக்கிவிடுவார்.

2023 செப்டம்பர் 8 அன்று, குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்தார். இதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. அடுத்து அதே வேஷத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். மிரட்டல் இருக்கிறது, நக்கல் இல்லை என்பது அம்மாவின் தீர்ப்பு. எனக்கும் அப்படித்தான் பட்டது. மாரிமுத்து ஒரு "இந்தாம்மா ஏய்" சொன்னால் பயமும் வரும், சிரிப்பும் வரும்.

2024 டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' ஆரம்பித்தது. மருமகள் ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி. புது முகத்தை அம்மா ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டார். ஏற்கவே மாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், நம் ஆட்கள் நடிகருக்காகவோ கதைக்காகவோ திரும்பி வருவதில்லை. பாக்கி இருக்கிற சண்டைக்காக வருகிறார்கள். உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

காரைக்குடி மருமகள்

உங்கள் கணக்கு பாண்டியன் ஸ்டோர்ஸுக்குப் பொருந்தாதே! அங்கே ஒரு பாக்கியும் இல்லை. 2018இல் ஆரம்பித்த முதல் கதை 2023 அக்டோபர் 28 சனிக்கிழமை சுபமாக முடிந்தது. ஞாயிறு ஒரு நாள் இடைவெளி. திங்கட்கிழமை இரண்டாம் பாகம். சனிக்கிழமை வரைக்கும் தம்பிகளுக்கு அண்ணன் மூர்த்தியாக இருந்த ஸ்டாலின், திங்கட்கிழமை தோளுக்கு மேல் வளர்ந்த மூன்று பையன்களுக்கு அப்பா பாண்டியன். பக்கத்தில் மனைவி கோமதியாக நிரோஷா.

என் மாமியார் முதலில் கேட்டது, "தனம் எங்கே?" இது வேற கதை அத்தை, வேற குடும்பம் என்றேன். "அப்ப மீனா மட்டும் எப்படி மீனாவாவே இருக்கா?" நியாயமான கேள்விதான். ஹேமா இரண்டிலும் மீனாதான். கடைசியில் அத்தையே ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். தனம் காலமாகிவிட்டாளாம், மூர்த்தி ஊரை மாற்றிப் பேரையும் மாற்றி இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாராம். ரெண்டு நாளில் இவ்வளவு பெரிய பையன்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டேன். "நாடகத்துல இந்த மாதிரி குறுக்குக் கேள்வியெல்லாம் கேக்கக் கூடாது" என்று வாயை அடைத்துவிட்டார்.

அப்புறம் கோமதியின் அண்ணன் வீட்டுப் பகை வந்தது. எதிர்வீட்டிலேயே பிறந்த வீடு, ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. அத்தைக்கும் அவர் தம்பிக்கும் ஒரு வேலி விவகாரத்தில் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிறது. அன்றிலிருந்து தனத்தைப் பற்றி விசாரிப்பதே இல்லை. ஆக, சண்டை பாக்கி இருக்கலாம். ஆனால் அது டிவிக்குள் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

வளசரவாக்கம்

நான் பார்ப்பவன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் தெருவில் ஒரு ஷூட்டிங் வீடு இருக்கிறது. காலையில் வேன் வரும், ஜெனரேட்டர் வரும், பார்க்கிங் போச்சு. அதே ஹால், அதே படிக்கட்டுதான். சோபா உறையும் திரைச்சீலையும் மாறினால் வேறு சீரியலின் வேறு பணக்கார வீடு.

ஆள் மாற்றம் பற்றிப் பேசியதால் ஒன்று சொல்கிறேன். அங்கே புரொடக்ஷனில் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் டீக்கடையில் கேட்டேன், ஏன் இப்படி அடிக்கடி "இவருக்குப் பதில் இவர்" என்று போடுகிறீர்கள் என்று. வாரத்துக்கு ஆறு எபிசோட் போகிறது, கையிருப்பு கொஞ்சம்தான் இருக்கும், ஒரு ஆர்ட்டிஸ்ட் கால்ஷீட் இல்லை என்றால் இரண்டு நாள் "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று ஓட்டலாம், அதற்கு மேல் முடியாது சார் என்றான். சினிமா மாதிரி ரிலீஸைத் தள்ளிப்போட முடியாதே.

அங்கே வில்லியாக நடிக்கும் ஒரு அம்மா, ஷூட்டிங் முடிந்து மேக்கப்போடு எங்கள் தெரு மளிகைக் கடைக்கு வந்தார். கடைக்காரரின் மாமியார் வெளியே வந்து, "அந்தப் பொண்ணு சாப்பாட்டுல எதையோ கலந்தியே, நீ நல்லா இருப்பியா?" என்று பிடித்துக்கொண்டார். நடிகை கொஞ்சம்கூட அசரவில்லை. "அடுத்த வாரம் எனக்கும் அடி விழும் பாட்டி, பாருங்க" என்று சொல்லிவிட்டு அரைக்கிலோ ரவை வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் அவருக்கு நிஜமாகவே அறை விழுந்தது என்று பாட்டி தெருவெல்லாம் சொல்லிவிட்டார். இனி எந்த சீரியலில் வந்தாலும் அந்த அம்மாவுக்கு எங்கள் தெருவில் மரியாதை உண்டு.

கொக்குவில்

எங்கள் வீட்டுக் கதை கரண்ட் பற்றியது. எதிர்நீச்சல் தொடங்கியது 2022 பெப்ரவரியில். இலங்கையில் மின்வெட்டு உச்சத்துக்குப் போனதும் அந்த நேரம்தான். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அம்மம்மாவுக்கு எரிவாயு இல்லை, பால்மா இல்லை என்பதைவிட, ஜனனிக்கு நேற்று என்ன நடந்தது என்று தெரியாததுதான் பெரிய கவலை. கரண்ட் இருக்கும் ஒழுங்கையில் ஒரு வீட்டில் யாராவது பார்த்திருப்பார்கள். அடுத்த நாள் காலையில் எண்ணெய்க் கியூவில் நிற்கும்போது அவர்கள் கதை சொல்ல, நாங்கள் கேட்போம். பெட்ரோல் வந்ததோ இல்லையோ, கதை வந்துவிடும்.

பிறகு இரண்டாம் பாகம் வந்தபோது கரண்ட் ஒழுங்காக இருந்தது. அம்மம்மா பார்த்தார்தான், ஆனால் அந்தப் பழைய சுவாரசியம் இல்லை என்று சொன்னார். கியூவில் கதை சொன்ன அன்ரி நடிகைகளைவிட நன்றாக நடித்துக் காட்டுவாராம். நான் நம்புகிறேன், நானும் கேட்டவள்தானே.

பழைய கேசட்

இரண்டாம் பாகத்தை விடுங்கள், அப்படியே திரும்பி வந்த பழசைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் ஷூட்டிங் நின்றதும் சன் டிவியில் மெட்டி ஒலியை மறுபடி போட்டார்களே! 2002இல் நான் கல்லூரியில் படித்தபோது பார்த்தது. இப்போது பக்கத்தில் என் மகள். டைட்டில் பாட்டுக்கு சாந்தி ஆடும்போது கூடவே ஆடினாள், அதோடு சரி. சரோவைக் கணவன் மாணிக்கமும் அவன் அம்மா ராஜமும் படுத்தும் கட்டம் வந்ததும் கோபம் வந்துவிட்டது. "போலீசுக்குப் போனா என்ன? அப்பா வந்து ஏன் கெஞ்சறாரு?" என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் சரோவுக்காக அழுதார்கள், ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அப்பாவாக நடித்த டெல்லி குமார் அழுதால் நானும் அழுதேன். மகளுக்கு அவர்மேல்தான் எரிச்சல்.

மாணிக்கமாக வந்த சேத்தனை அவளுக்குப் பிடிக்கவே இல்லை என்பதால் யூடியூபில் மர்மதேசத்தின் விடாது கருப்பு போட்டுக் காட்டினேன். அதிலும் அவர்தான். அது பிடித்துவிட்டது. அந்தக் காலத்தில் வாரம் ஒரு முறை வரும், வெள்ளைக் குதிரைச் சத்தத்தோடு நிறுத்திவிடுவார்கள், அடுத்த வாரம் வரைக்கும் குதிரையில் வருவது யார் என்று பள்ளிக்கூடத்தில் பந்தயம் கட்டுவோம். இவள் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் உட்கார்ந்து பார்த்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கடைசி எபிசோடுக்குத் தாவிவிட்டாள். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒன்பதரை மணி

வேலி விவகாரமும் கியூ அன்ரியும் என் கணக்கைக் கொஞ்சம் ஆட்டிவிட்டன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் @பழைய கேசட், உங்கள் மகள் கேட்டதும் பாக்கிச் சண்டைதானே? பதினெட்டு வருஷம் கழித்து ஒருத்தி வந்து சரோவுக்காகக் கேட்டிருக்கிறாள்.

தங்கச்சி மட்டும்

சித்தி 2 பற்றி யாருமே வாயைத் திறக்கவில்லை. 1999இல் வந்த சித்திக்குத் தெருவே அடங்கி உட்கார்ந்திருக்கும் என்று அம்மா சொல்வார். 2020 ஜனவரியில் ராதிகா மறுபடி வருகிறார் என்றதும் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரமே மாறியது. இரண்டு மாதத்தில் ஊரடங்கு, ஷூட்டிங் நின்றது. திரும்ப வந்தபோது ஆள் மாற்றம். 2021இல் ராதிகாவே விலகிவிட்டார். பேர் மட்டும் சித்தி, சித்தி இல்லை. அம்மா அன்றோடு எழுந்து போய்விட்டார். தங்கை மட்டும் வெண்பா, கவின் ஜோடிக்காக 2022இல் முடியும்வரை தனியாகப் பார்த்தாள். அவளைத் தவிர கடைசி எபிசோட் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் கை தூக்குங்கள், அவளுக்குப் பேச ஆள் கிடைக்கும்.