அவுட் ரன்னைக் கையடக்கக் கருவியில் ஓட்டியபோது: ஸ்டியரிங் பட்ட பாடு

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் இயந்திரங்களின் கார் ஆட்டங்களைக் கையடக்கக் கருவிகளுக்குப் போர்ட் பண்ணுவது, அதாவது அவற்றில் ஓடும்படி மாற்றுவது பற்றிய இந்த இழையில், படம், வேகம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். அப்படிப் போர்ட் பண்ணும்போது என்னைப் பாடாய்ப் படுத்தியது ஸ்டியரிங்தான். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் எடுத்தது அவுட் ரன். 1986-ல் ஜப்பானின் சேகா நிறுவனத்தில் யூ சுசுகி உருவாக்கிய கார் ஆட்டம். அந்த ஆட்டத்தின் நிரலைக் கிறிஸ் வைட் பிரித்துப் படித்து, சி++ மொழியில் திரும்ப எழுதி, 'கேனன்பால்' என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார். ஆர்கேட் இயந்திரத்தின் சில்லுகளிலிருந்து எடுத்த ரோம் கோப்புகளை மட்டும் நாம் கொடுக்க வேண்டும். என்னுடையது லினக்ஸில் ஓடும் சின்னக் கருவி, திரை 320x240. ஆர்கேட் படம் 320x224 என்பதால் நீட்டவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். மேலேயும் கீழேயும் எட்டெட்டு வரி கறுப்பாக விட்டால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். முதல் கட்டத்துக் கடற்கரை மரங்கள் தூரத்தில் பொட்டாகக் கிளம்பி, பக்கத்தில் வந்து விருட்டென்று கடந்தபோது ஓரம்கூடக் கலங்கவில்லை. படத்தோடு எனக்கு வேறு சண்டையே இல்லை.

ஆனால் கருவியில் அனலாக் குச்சி (எவ்வளவு சாய்க்கிறோம் என்பதையும் அளக்கும் குச்சி) கிடையாது, திசைப் பொத்தான்கள் மட்டும்தான். ஆர்கேடில் சக்கரத்தின் நிலை ஓர் எண்: நடுவில் 128, ஒரு கோடியில் 72, மறுகோடியில் 184. பொத்தானுக்கோ அழுத்தம், விடுதல் என்று இரண்டே நிலை. அழுத்தியதும் எண்ணைக் கோடிக்குத் தள்ளினால் வளைவில் கார் பாம்பாக நெளியும். அதனால் கேனன்பால் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறது, பொத்தானை விட்டால் நடுவுக்குத் திருப்புகிறது. எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பதை அமைப்புக் கோப்பில் நாமே வைத்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தின் கணக்கு நொடிக்கு 30 தடவை ஓடுகிறது. ஒவ்வொரு தடவைக்கும் 3 வைத்தால் நடுவிலிருந்து கோடிக்குப் போக அரை நொடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் கார் சாலையோரப் பலகையில் மோதிவிடும். 5 வைத்தால் நேர்ச்சாலையில் லாரியை உரசாமல் தாண்டுவதே பெரும்பாடு. 4-ல் கை பழகிவிட்டது. சுருக்கமாகத் தட்டித் தட்டி ஓட்டினால், வெளிப்பக்கம் இழுக்கும் விசையைச் சமாளித்துக்கொண்டே சாலை பிரியும் இடத்தில் விரும்பிய பக்கம் திரும்ப முடிகிறது.

அதிகாரப்பூர்வ போர்ட்களில் எனக்குப் பிடித்தது நிண்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு எம்2 நிறுவனம் செய்தது. ஆர்கேடில் திரையில் நொடிக்கு 30 ஃபிரேம் (படம்), இதில் 60. பொத்தானை அழுத்தியதும் கார் அசைவது கண்ணுக்கு உடனே தெரிவதால் கையும் தானாகப் பழகுகிறது. நொடிக்கு 60 என்பதை அழகுக்காகச் செய்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2023 மார்ச்சில் நிண்டெண்டோவின் இணையக் கடையான ஈஷாப்பில் 3டிஎஸ் விற்பனை நின்றுவிட்டதால் இப்போது புதிதாக அங்கே வாங்க முடியாது, அதுதான் வருத்தம். நிண்டெண்டோவின் இன்னொரு கருவியான ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு அதே எம்2 செய்த சேகா ஏஜஸ் பதிப்பு இருக்கிறது. சேகாவின் பழைய கையடக்கக் கருவியான கேம் கியருக்கு 1991-ல் வந்த பதிப்பு வேறு ரகம். ஸ்ப்ரைட்டை, அதாவது கார், மரம் போன்ற தனித்தனிப் படங்களை, தூரத்துக்கு ஏற்பப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் வசதி அந்தக் கருவியிலேயே இல்லை என்பதால் அதைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

அனலாக் குச்சி உள்ள கருவியில் கேனன்பால் ஓட்டுபவர்கள், குச்சியின் நடுவில் எவ்வளவு தூரத்தை அசைவாக எடுக்காமல் விடுகிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்து அப்படி ஒரு கருவியில்தான் முயலப்போகிறேன்.