புது ரூட்டர் மாட்டினேன், 300 போய் 94 ஆச்சு

மாடிவீட்டுக்காரன்:
பாளையங்கோட்டையில் வீடு, 300 எம்பிபிஎஸ் ஃபைபர் திட்டம். சுவரில் ஃபைபர் பெட்டி, அதன் பக்கத்திலேயே ஒரு முழ மஞ்சள் வயரில் பழைய ரூட்டர் என்று நாலு வருஷம் ஓடியது. வேகம் 280க்குக் குறைந்ததே இல்லை. போன வாரம் ரூட்டர் செத்துப்போனது. புதுசு வாங்கி, இந்தத் தடவை ஹாலில் வைத்தேன். இப்போது ரூட்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்து 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பார்த்தாலும் 94தான். உள் அறையில் 30. கம்பெனிக்குப் போன் போட்டால், "எங்க பக்கம் சரியா இருக்கு சார், உங்க ரூட்டர்தான்" என்கிறார்கள். கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கடலைமிட்டாய்:
உடனே கொடுத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியில் 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 300, 5இல் 867, இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக ஏற்றிவிட்ட கணக்கு அது. பின்னால் திருப்பிப் பார்த்தால் வயர் செருகும் போர்ட் வெறும் 100 எம்பிபிஎஸ்ஸாக இருக்கும். எங்கள் மாமா வீட்டில் இதே கூத்துதான்.

மாடிவீட்டுக்காரன்:
அந்தக் கதை தெரிந்துதான் பார்த்து வாங்கினேன். எல்லாம் கிகாபிட் போர்ட், அதாவது 1000 எம்பிபிஎஸ்.

வரம்புக்கு_எதிரி:
பாவம், ரூட்டரை விடுங்கள். மாதக் கடைசி, டேட்டா வரம்பைத் தாண்டியிருப்பீர்கள், கம்பெனி கழுத்தைப் பிடித்திருக்கும். புகார் போடுங்கள்.

வயர்பெட்டி:
எதிரி சார், வரம்பு தாண்டினால் பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறக்குவார்கள், 94இல் கொண்டுவந்து நிறுத்த மாட்டார்கள். அந்த எண்ணைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் வயரில் ஒவ்வொரு 1538 பைட்டுக்கும் நம் சரக்கு 1460 பைட்தான். மீதியெல்லாம் தலைப்பும் இடைவெளியும். வகுத்தால் 94.9. வழியில் எங்கேயோ ஒரு இணைப்பு 100இல் பிடித்திருக்கிறது. போர்ட் கிகாபிட்டாக இருப்பது வேறு, அது எந்த வேகத்தில் பிடித்திருக்கிறது என்பது வேறு. ரூட்டரின் அட்மின் பக்கத்தில் வேன் (WAN) போர்ட், அதாவது இணையம் உள்ளே வரும் போர்ட்டின் வேகம் காட்டும். பார்த்துச் சொல்லுங்கள்.

வரம்புக்கு_எதிரி:
திட்டத்தையே தவறுதலாக 100க்கு மாற்றி வைத்திருந்தால்? அப்போதும் கிட்டத்தட்ட இதே எண்தானே வரும்?

வயர்பெட்டி:
வரலாம், நியாயமான சந்தேகம். அதற்கும் காசில்லாத சோதனை இருக்கிறது. புது ரூட்டரைத் தூக்கிப்போய் பழைய இடத்தில், பழைய மஞ்சள் வயரில் மாட்டுங்கள். அங்கேயும் 94 என்றால் எதிரி சார், கடலைமிட்டாய் இரண்டு பேரில் ஒருவர் சொன்னது சரி. 280 வந்தால் இரண்டு பேரும் தப்பு.

கடலைமிட்டாய்:
அதற்குள் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். எனக்குப் பறந்தது.

வயர்பெட்டி:
டிஎன்எஸ் விலாசம் தேடித் தரும், அவ்வளவுதான். பக்கம் திறக்கத் தொடங்குவது கொஞ்சம் சீக்கிரமாகலாம். வேகச் சோதனையில் 94 எப்படி 280 ஆகும்? தபால்காரரை மாற்றினால் ரோடு அகலமாகுமா?

மாடிவீட்டுக்காரன்:
அட்மின் பக்கத்தில் வேன் போர்ட் 100 என்றுதான் காட்டியது. பழைய இடத்தில் மஞ்சள் வயரில் மாட்டினேன். 1000 என்று மாறியது. வேகம் 287!

கடலைமிட்டாய்:
சரி, ரூட்டரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வயர்பெட்டி:
அப்போது ஹாலுக்குப் போகும் கேபிள்தான். யார் போட்டது?

மாடிவீட்டுக்காரன்:
வீடு கட்டும்போது எலக்ட்ரீசியன் சுவருக்குள் இழுத்துவிட்டது. இவ்வளவு நாள் அதை யாரும் தொடவில்லை. நீங்கள் கேட்டதும் பிளக்கை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். எட்டுப் பள்ளத்தில் நாலில்தான் கம்பி. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, அப்புறம் இரண்டு இடம் காலி, பச்சை. நீலமும் பழுப்பும் சுவர்ப்பெட்டிக்குள்ளேயே பிரிந்து வாசல் கேமராவுக்குப் போயிருக்கின்றன.

வரம்புக்கு_எதிரி:
திருட்டு வேலை! ஒரு கேபிள் காசை மிச்சம் பிடித்திருக்கிறான்.

வயர்பெட்டி:
அப்படிச் சொல்லாதீர்கள். 100க்கு நாலு கம்பி போதும். ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு இணைப்பு கொடுப்பது அந்தக் காலத்தில் சகஜம், நானே செய்திருக்கிறேன். கிகாபிட்டுக்குத்தான் எட்டும் வேண்டும்.

வரம்புக்கு_எதிரி:
நீங்களே செய்திருக்கிறீர்களா? அதனால்தான் இந்த வக்காலத்து. கேபிளை மறைத்துப் பூசும்போது வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

வயர்பெட்டி:
சொல்லியிருக்க வேண்டும். அது தப்புத்தான்.

மாடிவீட்டுக்காரன்:
கேமராவை வைஃபைக்கு மாற்றிவிட்டு, தெருமுனைக் கடைத் தம்பியை வைத்து இரண்டு முனையிலும் எட்டுக் கம்பியையும் பிளக்கில் அழுத்திப் பொருத்தி (கிரிம்ப்) ஆயிற்று. ஹாலில் 285. ஆனால் உள் அறையில் அதே 30.

கடலைமிட்டாய்:
அது வைஃபை சமாச்சாரம், கேபிளால் தீராது. நடுவில் எத்தனை சுவர்?

மாடிவீட்டுக்காரன்:
ஒன்றுதான், ஒன்பது அங்குலச் சுவர். அதை ஒட்டி இரும்பு பீரோ.

கடலைமிட்டாய்:
இரும்புக்குள் அலை எப்படிப் போகும்? பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்துங்கள்.

மாடிவீட்டுக்காரன்:
அம்மாவிடம் கேட்டேன். ரூட்டரை நகர்த்தச் சொல்லிவிட்டார்.